ரி. பி. இராஜலட்சுமி: மேடையில் பாடியவர், பேனா பிடித்தவர்



நாடகமும் அரங்கியலும் பாடத்தில் இசை நாடக மரபைப் படிக்கும்போது சங்கரதாஸ் சுவாமிகள், பம்மல் சம்பந்த முதலியார், கலையரசு சொர்ணலிங்கம், நடிகமணி வி. வி. வைரமுத்து ஆகியோரின் பெயர்களை நீங்கள் மனனம் செய்திருப்பீர்கள். அந்தப் பட்டியலை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அதில் பெண்களின் பெயர்கள் மிகக் குறைவு. இக்கட்டுரையில் அந்தக் குறையை ஓரளவு நிரப்பக்கூடிய ஒருவரைப் பற்றிப் படிக்கப் போகிறோம். அவர் ரி. பி. இராஜலட்சுமி. தமிழ்நாட்டு நூல்களில் டி. பி. ராஜலட்சுமி என்று எழுதப்பட்டிருக்கும். இருவரும் ஒருவரே.

வகுப்பில் இவரைப் பற்றிக் கேட்டால், "முதல் தமிழ்ப் பேசும்படத்தின் கதாநாயகி" என்று விடை வரும். விடை பிழையல்ல. ஆனால் அதனோடு நின்றுவிட்டால் அது கால்வாசி விடைதான். ஏனென்றால் கதாநாயகி என்பவர் பிறர் எழுதியதைப் பேசுபவர். இராஜலட்சுமியோ பிறர் எழுதியதைப் பாடித் தொடங்கி, தாமே எழுதி, தாமே நெறிப்படுத்தும் நிலைக்கு வந்தவர். அந்தப் பயணம் எப்படி நடந்தது என்பதையே நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். படி படியாகப் பார்ப்போம்.

1. காலப் பின்னணி

ஒரு கலைஞரை விளங்க வேண்டுமாயின் முதலில் அவர் வாழ்ந்த காலத்தை விளங்க வேண்டும். இராஜலட்சுமி பிறந்தது 1911 இல். அக்காலத்துத் தமிழ் அரங்கில் இரண்டு போக்குகள் இருந்தன.

ஒன்று, படித்தவர்களின் அமெச்சூர் சபைகள். பம்மல் சம்பந்த முதலியார் 1891 இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சட்டத்தரணிகளும் உத்தியோகத்தரும் அதில் நடித்தார்கள். பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஏற்றார்கள். எங்கள் கலையரசு சொர்ணலிங்கம் அவர்களும் சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்டு வளர்ந்தவர் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

மற்றையது, தொழில்முறை இசை நாடகம். இதற்கு உயிர் கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922). வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அல்லி அருச்சுனா முதலிய நாடகங்களை அவர் எழுதினார். பெரிய நடிகர்கள் கட்டுப்பாட்டுக்கு அடங்காமையால் சிறுவர்களைக் கொண்ட 'பாலர் சபை'களை அமைத்து அவர் பயிற்சியளித்தார். அங்கே வள்ளியும் பவளக்கொடியும் சிறுவர்களே. குரல் உடையும் வரைதான் அவர்கள் பெண் வேடம் கட்டலாம்.

இதைவிட 'ஸ்பெசல் நாடகம்' என்ற வழக்கமும் இருந்தது. வெவ்வேறு ஊர்களில் உள்ள நடிகர்களைத் தனித்தனியே ஒப்பந்தம் செய்து, ஓர் இரவு ஒரே மேடையில் சேர்த்துவிடுவார்கள். ஒத்திகை கிடையாது. நாடகப் பாடம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆர்மோனியமும் மிருதங்கமும் தொடங்கியதும் பாடலும் தர்க்கமும் நடக்கும். எதிரே நிற்பவர் எடுத்துவிடும் கேள்விக்கு அந்த இடத்திலேயே பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் சபையோர் சிரித்துவிடுவார்கள்.

இந்த மரபு கடல் கடந்து எங்களிடமும் வந்தது. யாழ்ப்பாணத்தில் இதனைக் 'கொட்டகைக் கூத்து' என்றும் சொன்னார்கள். காங்கேசன்துறை வைரமுத்து அவர்களின் மயான காண்டத்தை அளவெட்டியிலும் அயலூர்களிலும் கோயில் வீதி மணலில் விடிய விடிய இருந்து பார்த்தவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களில் இருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள். அங்கும் சந்திரமதி ஓர் ஆண்தான்.

மேடையேறிய பெண்களே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தார்கள். ஆனால் "நல்ல குடும்பத்துப் பெண் மேடை ஏறமாட்டாள்" என்ற எண்ணம் சமூகத்தில் வேரூன்றியிருந்தது. நாடகத்தை ரசித்தவர்களே நடிகையை மதிக்கவில்லை. இந்த முரண்பாட்டை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதியைப் படியுங்கள்.

2. இளமை: கேட்கப்படாத ஒரு விருப்பம்

இராஜலட்சுமி 1911 நவம்பர் 11 ஆம் திகதி தஞ்சாவூர் மாவட்டத்தில் உள்ள திருவையாற்றில் பிறந்தார். தந்தையார் பஞ்சாபகேச சாஸ்திரி, கிராமக் கணக்குப்பிள்ளை. தாயார் மீனாட்சி. ஊரின் முதலெழுத்தும் தந்தையின் முதலெழுத்துமே 'ரி. பி.' என்று அவரது பெயருக்கு முன் நிற்கின்றன. திருவையாறு, தியாகராஜ சுவாமிகள் வாழ்ந்து மறைந்த ஊர். காவிரிக்கரையில் உள்ள அவ்வூரில் சங்கீதம் காற்றோடு கலந்திருக்கும். கேட்ட பாட்டை உடனே பாடும் ஆற்றல் சிறுமிக்கு இருந்தது.

பத்து வயது நிரம்புவதற்கு முன்னரே அவருக்குத் திருமணம் செய்துவைத்தார்கள். அக்காலத்தில் அது வழமை. அந்தச் சிறுமியிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. சீதனப் பிணக்கினால் அந்த மணவாழ்வு நிலைக்கவில்லை. அவர் பிறந்த வீட்டுக்குத் திரும்பினார். தந்தையாரும் காலமானார். தாயும் மகளும் ஆதரவின்றித் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றார்கள்.

இங்கே ஓர் ஆண்டை நினைவில் வையுங்கள். சிறுவர் திருமணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் இந்தியாவில் நிறைவேறியது 1929 இல். பெண்ணின் திருமண வயது குறைந்தது 14 என்று அது விதித்தது. இராஜலட்சுமிக்குத் திருமணம் நடந்தது அதற்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர். சட்டம் வந்தபோது அவருக்கு அது பயன்படவில்லை. ஆனால் சட்டம் எதைத் தடுக்க வந்ததோ அதை அவர் அனுபவத்தால் அறிந்திருந்தார். பின்னர் அவர் எழுதப்போகும் கதைக்கு விதை இங்கேதான் விழுந்தது.

3. மேடை: பிறர் சொல்லில் தன் குரல்

திருச்சியில் பிழைப்புக்கு வழி தேட வேண்டியிருந்தது. சிறுமியிடம் இருந்த சொத்து குரல் ஒன்றே. சி. எஸ். சாமண்ணாவின் நாடகக் குழுவில், சங்கரதாஸ் சுவாமிகளின் ஆதரவோடு, ஏறத்தாழ 11 ஆவது வயதில் அவர் சேர்ந்தார். பவளக்கொடி நாடகத்தில் அவரது மேடை வாழ்க்கை தொடங்கியது. சாஸ்திரி குடும்பத்துப் பெண், அதுவும் கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்த பெண், முகத்தில் அரிதாரம் பூசுவதா என்று உறவினர் வெறுத்தார்கள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று தாயார் துணை நின்றார்.

மேடை அவருக்கு மூன்றைக் கற்றுக்கொடுத்தது எனலாம்.

(அ) பாட்டு: ஒலிவாங்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். உச்சத் தாயியில் பாடியே பெயர் எடுக்க முடிந்தது.

(ஆ) தர்க்கம்: வள்ளி திருமணத்தில் தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் வேடனாக வரும் முருகன் வாதம் செய்வான். முன்பின் தெரியாத ஆணிடம் "இல்லை" என்று சொல்லவும், ஏன் இல்லை என்று காரணம் காட்டவும் வள்ளிக்கு மேடையில் நேரம் உண்டு. வீட்டில் பேச அனுமதியில்லாத ஒரு பெண்ணுக்குக் கொட்டகையில் அந்த அனுமதி கிடைத்தது. இதைக் கவனமாக எண்ணிப் பாருங்கள்.

(இ) சபையோரை அறிதல்: எந்த இடத்தில் சபை அழும், எந்த இடத்தில் சிரிக்கும் என்பது இரவு இரவாக நடித்தவருக்கே தெரியும். பிற்காலத்தில் கதை கட்டுவதற்கு இதுவே அவருக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது.

1920 களில் இந்திய விடுதலை இயக்கம் வலுவடைந்தது. நாடக மேடை அதற்கு ஓர் ஆயுதமாயிற்று. புராண நாடகத்தின் நடுவே, கதையை நிறுத்திவிட்டுக் காந்தியையும் கதரையும் பற்றிப் பாடுவது வழக்கமாயிற்று. இராஜலட்சுமி தேசியப் பாடல்களைத் துணிந்து பாடினார். அதற்காகக் கைதுக்கும் ஆளானார். படிப்பறிவு குறைந்த மக்கள் பத்திரிகை வாசிக்கமாட்டார்கள், ஆனால் நாடகம் பார்ப்பார்கள். எனவேதான் ஆட்சியாளர் பாட்டுக்குப் பயந்தார்கள்.

4. மௌனப்படத்திலிருந்து பேசும்படத்துக்கு

தென்னிந்தியாவில் மௌனப்படங்கள் எடுக்கப்பட்ட காலத்தில், ஏ. நாராயணன் தயாரித்த 'கோவலன்' (1929) முதலிய படங்களில் இராஜலட்சுமி நடித்தார். குரலால் பெயர் பெற்ற ஒருவர் குரல் இல்லாத படத்தில் நடிப்பது கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொல்வது போன்றது. அந்த நிலை நெடுநாள் நீடிக்கவில்லை.

1931 மார்ச்சில் இந்தியாவின் முதற் பேசும்படமான 'ஆலம் ஆரா' பம்பாயில் வெளியாயிற்று. அதைத் தயாரித்தவர் அர்தேஷிர் இரானி. தென்னிந்திய மக்களுக்காகவும் ஒரு பேசும்படம் எடுக்க விரும்பிய அவர், எச். எம். ரெட்டியின் நெறியாள்கையில் 'காளிதாஸ்' படத்தைத் தயாரித்தார். 1931 ஒக்டோபர் 31 ஆம் திகதி சென்னையில் கினிமா சென்ட்ரல் அரங்கில் அது திரையிடப்பட்டது. இராஜலட்சுமி கதாநாயகி. அவருக்கு அப்போது 20 வயது நிறைய 11 நாள் இருந்தது. படச்சுருள் பெட்டி சென்னை வந்தபோது மக்கள் தேங்காய் உடைத்துப் பூச்சொரிந்து அதனை ஊர்வலமாக எடுத்துச் சென்றார்கள் எனப் பதிவுகள் கூறுகின்றன.

ஏன் இவரைத் தெரிவு செய்தார்கள்? காரணம் தெளிவு. அக்காலத்தில் பின்னணிப் பாடல் முறை கிடையாது. நடிப்பவரே கமராவின் முன் நின்று பாட வேண்டும். ஆகவே பேசும்படத்துக்குத் தேவைப்பட்டவர் பாடத் தெரிந்த மேடை நடிகர். இசை நாடகம் பத்து ஆண்டுகளாக உருவாக்கிய கலைஞரைப் புதிய ஊடகம் எடுத்துக்கொண்டது. தமிழ்ச் சினிமாவின் முதற் பத்தாண்டுகளில் படத்துக்குப் படம் ஏராளமான பாடல்கள் இருந்ததற்கும் இதுவே காரணம். சினிமா, நாடகத்தின் பிள்ளையாகவே பிறந்தது.

கதையையும் கவனியுங்கள். அரசகுமாரியைத் தன் மகனுக்கு மணம் முடிக்க மந்திரி விரும்புகிறான். அவள் மறுக்கிறாள். பழி தீர்க்க நினைத்த மந்திரி, தான் இருக்கும் கிளையையே வெட்டும் ஒரு மூடனைக் கண்டுபிடித்து, வஞ்சகமாக அவளுக்குக் கணவனாக்குகிறான். உண்மை அறிந்த அவள் காளியை வேண்ட, மூடன் மகாகவி காளிதாசனாகிறான். பெண்ணின் விருப்பத்துக்கு மாறாக ஒரு திருமணம்! சிறுவயதில் தம் வாழ்வில் நடந்ததை, வேறு உடையில், வேறு பெயரில், இராஜலட்சுமி கமராவின் முன் நடித்தார். ஆனால் இங்கே தீர்வு காளியின் அருள். பெண் தானாகச் செய்யக்கூடியது வேண்டுதல் மட்டுமே.

இப்படத்தில் கதைக்குச் சம்பந்தமில்லாமல் காந்தியின் இராட்டினத்தைப் போற்றும் பாடலையும் அவர் பாடினார். நாடக மேடையின் பழக்கம் அப்படியே திரைக்கும் வந்தது.

அதே 1931 ஆம் ஆண்டு இலங்கையில் என்ன நடந்தது என்பது வரலாறு படிக்கும் உங்களுக்குத் தெரியும். டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி பெண்களுக்கும் வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. பெண்ணின் குரல் வாக்குப் பெட்டியிலும் வெள்ளித்திரையிலும் ஒரே ஆண்டில் ஒலிக்கத் தொடங்கியது என்று எழுதினால் உங்கள் விடை தனித்துத் தெரியும்.

'காளிதாஸ்' வெற்றிக்குப் பின் பல படங்கள் வந்தன. அவற்றுள் 1933 இல் வெளியான 'வள்ளி திருமணம்' குறிப்பிடத்தக்கது. சாமிக்கண்ணு வின்சென்ட் பங்கெடுத்துக் கல்கத்தாவில் எடுக்கப்பட்ட இப்படம் பெரும் வெற்றி பெற்றது. சென்னையில் ஒலிப்பதிவுக் கலையகம் ஏற்பட்டது 1934 இல்தான். அதுவரை தமிழ் நடிகர்கள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் புகைவண்டியில் நாட்கணக்காகப் பிரயாணம் செய்தே நடித்தார்கள். இக்காலத்தில் இராஜலட்சுமிக்குக் கிடைத்த பட்டம் 'சினிமா ராணி'. உடன் நடித்த டி. வி. சுந்தரம் அவர்களைத் தம் விருப்பப்படி மறுமணம் செய்துகொண்டார்.

5. நாவலாசிரியை

புகழின் உச்சியில் இருந்த நடிகை நாவல் எழுத வேண்டிய தேவை என்ன? இக்கேள்விக்கு விடை தேடினால் அவரது வாழ்க்கையின் திறவுகோல் கிடைக்கும்.

மேடையிலும் திரையிலும் அவர் பேசியவை புராணப் பெண்களின் சொற்கள். சாவித்திரி, திரௌபதி, சந்திரமதி ஆகியோர் பொறுமைக்கும் கற்புக்கும் எடுத்துக்காட்டானவர்கள். அவர் அறிந்த உலகமோ வேறு. சிறுவயதில் மணம் முடிக்கப்பட்ட பெண், சீதனத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்ட பெண், மறுமணம் செய்தால் ஊர் வாயில் விழுந்த பெண். இவர்களுக்குப் புராணத்தில் இடமில்லை. நாவலில் இடமிருந்தது.

இராஜலட்சுமியின் நாவல்களாகக் குறிப்பிடப்படுபவை: கமலவல்லி, விமலா, மல்லிகா, சுந்தரி, வாசந்திகா, உறையின் வாள். தலைப்புகளைப் பாருங்கள். ஆறில் ஐந்து பெண்களின் பெயர்கள். ஆறாவது, உறைக்குள் இருக்கும் வாள்.

'கமலவல்லி'யின் சாரம் இது: ஒருவனை விரும்பும் பெண்ணைச் சூழ்நிலை இன்னொருவனுக்கு மனைவியாக்குகிறது. இறுதியில் அவள் தான் விரும்பியவனுடன் சேர்கிறாள். இன்று ஒரு தொலைக்காட்சித் தொடரில் இது சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் "கல்லானாலும் கணவன்" என்ற பழமொழி சட்டம் போல் ஆண்ட காலத்தில் எழுதப்பட்டது அது. தாலி கட்டிய பின்னும் பெண்ணின் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்று சொல்வது பெரும் துணிவு.

முன்னர் பார்த்த 'காளிதாஸ்' கதையோடு இதை ஒப்பிடுங்கள். இரண்டிலும் விருப்பமில்லாத திருமணம் உண்டு. முன்னையதில் தெய்வம் கணவனை மாற்றியது. பின்னையதில் மனிதர்களே நியாயத்தை உணர்ந்து வழி காண்கிறார்கள். பிறர் எழுதிய கதைக்கும் தாம் எழுதிய கதைக்கும் இடையே உள்ள தூரம் இதுதான்.

பெண்கள் நாவல் எழுதியதில் எங்கள் மண்ணுக்கும் பங்குண்டு. யாழ்ப்பாணத்து மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' நாவலை 1914 இலேயே வெளியிட்டார். அதுவும் குடும்பத்துள் துன்பப்படும் ஒரு பெண்ணின் கதையே. சென்னையில் வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். அவரும் சிறுவயதிலேயே மணம் முடித்துவைக்கப்பட்டவர், பள்ளிக்கூடம் போகாதவர், 'இந்திரமோகனா' என்ற நாடகத்தோடு எழுத்துலகுக்கு வந்தவர். ஆகவே இராஜலட்சுமி தனிமரம் அல்லர். ஆனால் மேடை, திரை, நாவல் என்னும் மூன்றிலும் நின்றது அவரது தனிச்சிறப்பு.

6. 'மிஸ் கமலா' (1936)

தம் நாவலான கமலவல்லியை அவர் 'மிஸ் கமலா' என்ற பெயரில் திரைப்படமாக்கினார். கதை, நெறியாள்கை, தயாரிப்பு, முதன்மைப் பாத்திரம் ஆகிய பொறுப்புகளை அவரே ஏற்றார். இதனால் தமிழ்ச் சினிமாவின் முதற் பெண் நெறியாளர் என்ற இடம் அவருக்குரியது. தென்னிந்தியாவிலும் அவரே முதல்வர். இந்திய அளவில் அவருக்கு முன் 1926 இல் 'புல்புல்-ஏ-பரிஸ்தான்' என்ற மௌனப்படத்தை நெறிப்படுத்திய பாத்மா பேகம் இருக்கிறார்.

இதன் முக்கியத்துவத்தை உணர, ஒரு படப்பிடிப்புத் தளத்தைக் கற்பனை செய்யுங்கள். கமராக்காரர், ஒலிப்பதிவாளர், விளக்குப் பிடிப்பவர், தச்சர் எல்லோரும் ஆண்கள். அவர்கள் நடுவே ஓர் 25 வயதுப் பெண் நின்று "இப்படி வை, அப்படி எடு" என்று சொல்ல வேண்டும். முதல் போட்டவரும் அவரே என்பதால் பிழைத்தால் நட்டமும் அவருக்கே. புராணப் படங்களே ஓடிய காலத்தில் சமூகக் கதையை எடுத்ததும் ஆபத்தான முடிவு.

அவர் தம் மகளுக்கும் கமலா என்றே பெயரிட்டார். பெண் என்பதற்காகக் கொல்லப்படவிருந்த ஒரு சிசுவைக் காப்பாற்றி வளர்த்து, அக்குழந்தைக்கு மல்லிகா என்று பெயரிட்டார். கமலாவும் மல்லிகாவும் அவரது நாவல்களிலும் இருக்கும் பெயர்கள். எழுத்தில் சொன்னதை வீட்டிலும் செய்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

7. பிற்காலம்

1930 களின் இறுதியில் மேலும் சில படங்களை அவர் எடுத்தார். தேசிய உணர்வு கொண்ட 'இந்தியத் தாய்' ஆங்கில அரசின் தணிக்கையில் சிக்கியது. வெட்டுகளாலும் தாமதத்தாலும் பெரும் பொருளிழப்பு ஏற்பட்டது. பின்னணிப் பாடல் முறை பரவியதும் பாடத் தெரிந்த நடிகரே வேண்டும் என்ற நிலை மாறியது. புதிய முகங்கள் வந்தன. 1950 அளவில் அவர் திரையுலகை விட்டு விலகினார். 1961 இல் அரசின் கலை விருது கிடைத்தது. 1964 இல் காலமானார்.

வேதனையான ஒரு செய்தியையும் அறிந்துகொள்ளுங்கள். 'காளிதாஸ்' படத்தின் பிரதி இன்று இல்லை. 'மிஸ் கமலா'வும் இல்லை. அக்காலப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றக்கூடிய நைத்திரேற்றுச் சுருள்கள். பேணுவார் இன்றி எரிந்தும் உருகியும் அழிந்தன. முதற் பெண் நெறியாளரின் படத்தை நாம் பார்க்க முடியாது. அவர் செய்தார் என்று சொல்லிக்கொடுக்க மட்டுமே முடியும். சொல்லிக்கொடுக்காவிட்டால் அதுவும் இல்லாமற் போகும்.

8. மதிப்பீடு

இராஜலட்சுமியின் வாழ்க்கையை மூன்று படிகளாகச் சுருக்கலாம்.

முதற்படி: அவரது விருப்பம் கேட்கப்படவில்லை (சிறுவயதுத் திருமணம்).
இரண்டாம் படி: அவரது குரல் கேட்கப்பட்டது, சொல் பிறருடையது (மேடையும் பேசும்படமும்).
மூன்றாம் படி: குரலும் சொல்லும் அவருடையன (நாவலும் 'மிஸ் கமலா'வும்).

இந்த மூன்றாவது படியை விட்டுவிட்டு "முதற் கதாநாயகி" என்று மட்டும் எழுதுவது அவரை மீண்டும் இரண்டாம் படிக்கு இறக்குவதாகும்.

ஒவ்வோர் ஆண்டும் பாடத் தெரிவு நேரத்தில், "பொம்பிளைப் பிள்ளைக்கு நாடகப் பாடம் எதற்கு?" என்று கேட்கும் பெற்றோரை நான் சந்திக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். பிள்ளையின் பெயரைப் பற்றிய பயம் அவர்களுக்கு. நாதசுரமும் தவிலும் பிறந்த அளவெட்டியில், கலையை மதிக்கத் தெரிந்த ஊரில்கூட அந்தப் பயம் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் திருச்சியில் ஒரு தாய் அதே பயத்தோடுதான் மகளைக் குழுவில் சேர்த்திருப்பார். நாடகத்தைப் பாடமாக எடுத்த மாணவிகளே, உங்கள் வீட்டில் அக்கேள்வி எழுந்தால் கோபிக்க வேண்டாம். இந்தக் கதையைச் சொல்லிக் காட்டுங்கள்.

கால அட்டவணை (மனனம் செய்க)

1911 - திருவையாற்றில் பிறப்பு
1922 அளவில் - நாடக மேடைப் பிரவேசம்
1929 - 'கோவலன்' மௌனப்படம்
1931 - 'காளிதாஸ்'
1933 - 'வள்ளி திருமணம்'
1936 - 'மிஸ் கமலா' நெறியாள்கை
1961 - அரசின் கலை விருது
1964 - மறைவு

மாணவர் அடிக்கடி விடும் பிழைகள்

1. 'காளிதாஸ்' முழுக்க முழுக்கத் தமிழ்ப் படம் என எழுதுதல். அதில் தமிழும் தெலுங்கும் கலந்திருந்தன. கதாநாயகி தமிழிலும் கதாநாயகன் தெலுங்கிலும் பேசினார்கள். முழுமையாகத் தமிழ் பேசிய படங்கள் 1932 முதல் வந்தன.
2. இந்தியாவின் முதற் பெண் நெறியாளர் என எழுதுதல். தமிழ்ச் சினிமாவில் முதல்வர் என்பதே சரி.
3. 'கமலவல்லி'யையும் 'மிஸ் கமலா'வையும் மாறி எழுதுதல். முன்னையது நாவல், பின்னையது அதனைத் தழுவிய திரைப்படம்.
4. சங்கரதாஸ் சுவாமிகளிடம் நெடுங்காலம் பயின்றவர் என எழுதுதல். சுவாமிகள் 1922 இல் காலமானார். கிடைத்தது ஆதரவும் அறிமுகமும்.

பயிற்சி வினாக்கள்

1. ஸ்பெசல் நாடகத்தின் இயல்புகள் மூன்று தருக.
2. தொடக்ககாலப் பேசும்படங்கள் மேடை நடிகர்களை நாடியமைக்குக் காரணம் என்ன?
3. "இராஜலட்சுமி நடிகை மட்டுமல்லர், படைப்பாளியுமாவார்." இக்கூற்றை விளக்குக.

மூன்றாம் வினாவுக்கு விடை எழுதும் முறை

வாழ்க்கை வரலாற்றைப் பிறப்பிலிருந்து ஒப்புவிக்க வேண்டாம். கூற்றில் உள்ள 'படைப்பாளி' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதற் பந்தியில் அவர் யார் என்பதை இரு வாக்கியங்களில் கூறுங்கள். இரண்டாம் பந்தியில் மேடையும் 'காளிதாஸ்' படமும் நடிகை என்ற நிலையைக் காட்டுவன என எழுதுங்கள். மூன்றாம் பந்தியில் நாவல்களையும், நான்காம் பந்தியில் 'மிஸ் கமலா'வையும் எடுத்துக்காட்டி, இரண்டிலும் பெண்ணின் விருப்பம் என்ற கருப்பொருள் வருவதை விளக்குங்கள். இறுதியில் உங்கள் சொந்தக் கருத்தை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்.

அந்தக் கடைசி வாக்கியத்தை இந்த நூலிலிருந்து பார்த்தெழுத வேண்டாம். அதை நான் வேண்டுமென்றே இங்கே தரவில்லை. இராஜலட்சுமியும் பிறர் சொல்லைப் பாடிப் பாடித்தான் தம் சொல்லைக் கண்டுபிடித்தார். உங்கள் வாக்கியம் உங்களுடையதாக இருக்கட்டும்.

பரீட்சையில் சித்தியடைய வாழ்த்துக்கள்.